பலகையைப் பார்த்துப் பேசு

என் ஆருயிர் மச்சானுக்கு,

நீ போன பிறகு உன்மேல் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது. அடப்பாவி, நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டோமா? எந்த வலியையும் வெளியே சொல்லாமலே வளர்ந்தவன் நீ. கடைசி வலியையும் அப்படியே விழுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இதில் உன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதச் சொன்னதே உன் வீட்டுக்காரிதான், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அவள் எப்படி எனக்குப் பழக்கமானாள் என்று நீ முழிப்பது தெரிகிறது. சொல்கிறேன், பொறு.

உன்னை வீட்டில் கிடத்தியிருந்த அன்று தொம்மலூரில் உன் சந்தே நிறைந்துவிட்டது. உறவுக்காரர்கள் வந்தார்கள். நீ ஏசியும் ஃப்ரிட்ஜும் பழுதுபார்த்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் நாங்கள் மட்டும் எதிர்ச்சுவர் ஓரமாக நின்றோம். நம் ஆட்டோக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த நிலையிலும் உன் வீட்டுக்காரி எங்களையே பார்த்தாள். முன்பின் தெரியாத ஆண்கள் தன் புருஷனுக்காக ஏன் இப்படி அழுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில நாளில் என்னைப் போனில் கூப்பிட்டாள். என் நம்பரை 'ஹெப்பகோடி மச்சான்' என்று போட்டு வைத்திருந்தாயாமே. தனக்கு ஹெப்பகோடியில் அண்ணனோ தம்பியோ யாரும் இல்லையே என்று யோசித்திருக்கிறாள். கடைக்கு வரச் சொன்னாள். பொம்மசந்திரா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

உன் கடை ஷட்டரை அவளே தூக்கித் திறந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமையானா சர்வீஸ் கால்னு சொல்லிட்டுப் போவார்ணா. ஆனா ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ளயேதான் இருப்பாருன்னு பக்கத்துக் கடைக்காரர் சொல்றார். குடியா? சீட்டா? இல்ல, வேற வீடு ஏதாவது இருந்துச்சா? இருந்தா சொல்லிடுங்கண்ணா, தாங்கிப்பேன். தெரியாம இருக்கிறதைத்தான் தாங்க முடியல."

எப்பேர்ப்பட்ட இக்கட்டில் என்னை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய், பார்த்தாயா?

நாம் முதலில் சந்தித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் பெரியவர்கள் கையில் சிக்கிச் சீரழிந்த ஆண்களை மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஒருத்தனாவது வாயைத் திறந்தானா? எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் நீ ஒரு கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "பலகையைப் பார்த்துப் பேசு மச்சான், மூஞ்சி எதுக்கு?" என்றாய். அன்று ஸ்ட்ரைக்கரைத் தட்டிக்கொண்டே முதலில் பேசியவன் நான்தான்.

அப்புறம் உன் கடைப் பின்னறையே நமக்கு ஆஸ்பத்திரி ஆயிற்று. டாக்டரும் வருவார், ஒரு காயைக்கூட ஒழுங்காகப் போடமாட்டார். யாராவது தடுமாறினால் "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் மெதுவாகச் சொல்லச் சொல்வார், அவ்வளவுதான். யாரும் கேள்வி கேட்கக் கூடாது. ஒருத்தன் குரல் உடைந்தால் அடுத்தவன் காயை அடிக்க வேண்டும். பேசியது எதுவும் அந்த அறையைத் தாண்டக் கூடாது, பெண்டாட்டியிடம்கூட. எல்லாம் நீ வைத்த சட்டம்.

அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு உன் பெண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வது? சொன்னால் உனக்குத் துரோகம். சொல்லாவிட்டால் உனக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்றே அவள் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள்.

சுவரில் சாய்த்திருந்த பலகையை எடுத்து ஸ்டூல்மேல் போட்டேன். பவுடர் தூவிக் காய்களை அடுக்கினேன்.

"உக்காரும்மா."

"எனக்கு ஆடத் தெரியாதுண்ணா."

"தெரிய வேணாம். இதைப் பார்த்துக்கிட்டே கேளு, போதும்."

உன் கதையைச் சொல்லவில்லை மச்சான். என் கதையைச் சொன்னேன். நான் டவுசர் போட்ட வயதில் சொந்தச் சித்தப்பா வீட்டில் எனக்கு நடந்ததை, அதை அம்மாவிடம் சொல்லி அறை வாங்கியதை, கல்யாணப் பேச்சு எடுத்தாலே இன்றுவரை ஓடி ஒளிவதை, எல்லாவற்றையும். அறைக்கு வெளியே ஒருத்தரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தட்டிய ஸ்ட்ரைக்கர் கோணலாகவே போயிற்று.

அவள் ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். "அப்ப அவரும்..." என்று ஆரம்பித்தாள். நான் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம்ணா. சொல்லாதீங்க."

அப்புறம் அவளாகவே பேசினாள். "பையனை ஹாஸ்டல்ல போட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னாருண்ணா. எவ்வளவு நல்ல ஸ்கூல், சீட்டும் கிடைச்சுது. பிள்ளை முன்னேறுறது உனக்குப் பொறுக்கலியா, நீயெல்லாம் ஒரு அப்பனான்னு கேட்டேன். வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லிக் காட்டினேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேசலியே. தலையைக் குனிஞ்சுக்கிட்டு டூல்ஸ் பையை எடுத்துட்டுப் போயிடுவாரே."

பலகைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். பவுடரெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அழாதேம்மா என்று நான் சொல்லவில்லை. அழட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னாலும் அடக்க முடியவில்லை.

ஏன் மச்சான் அவளிடம் சொல்லவில்லை? எங்களுக்கெல்லாம் வழி கண்டுபிடித்துக் கொடுத்தவனுக்கு வீட்டில் ஒரு பலகை போடத் தெரியாமல் போயிற்றா? உன்னைத் திட்டிய அதே வாய் உன்னை மடியில் போட்டு ஆறுதல் சொல்லியிருக்குமே. இல்லை, அவள் உன்னை வேறு மாதிரி பார்த்துவிடுவாள் என்று பயந்தாயா? அவளும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

காலி பண்ண இருந்த கடையை அவள் விடவில்லை. முன்பக்கத்தை ஒரு மெக்கானிக்குக்கு வாடகைக்கு விட்டுவிட்டாள். "பின்னாடி ரூம் உங்களுக்குத்தான். எழுதுங்கண்ணா, எவனாவது ஒருத்தன் படிச்சுட்டு அவன் வீட்ல சொல்லட்டும்" என்றாள். உன் மகன் காலேஜ் சேர்ந்துவிட்டான், தினமும் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுகிறான். என்னை மாமா என்று கூப்பிடுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டர் புதிதாக ஒருவரை அழைத்து வந்தார். எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஆள், கழுத்து அட்டையைக்கூடக் கழற்றவில்லை. வேறு இடமில்லாமல் உன் நாற்காலியில் உட்காரவைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, காயை மட்டும் அடித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் வாய் திறக்க எத்தனை காலம் ஆனாலும் அந்தப் பலகைக்கு நான் பவுடர் போட்டுக்கொண்டிருப்பேன், இது சத்தியம். உனக்கு வருஷம் திரும்பியதும் வருகிற பொங்கலுக்கு உன் வீட்டுக்குச் சீர் கொண்டு போவேன். அண்ணன் வீட்டுக் கரும்பும் புடவையும் வந்தாக வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள்.

இத்தனை நாள் வாய்ப்பேச்சுக்கு, இனி உறவுமுறைக்கே,
உன் மச்சான்