கழுத்துக்கு மேலே மட்டும்

ஆடி வெள்ளி, நகரி.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. குவைத்திலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம், மூன்று வருடமாகக் கழுத்துக்கு மேலே மட்டும்தான் காட்டுகிறேன். ஊரில் ஒருவரையும் விடாமல் குண்டு, ஒல்லி என்று கிண்டல் செய்கிற வாய் என்னுடையது.

இன்று திருப்பதியில் படிக்கும் மகள் வந்திருந்தாள். போனைப் பிடுங்கி, "நைனா, அம்மா இப்ப கர்வி. நீ டாட் பாட்," என்றாள். கர்வி என்றால் பூசினாற்போல் இருப்பவளாம். டாட் பாட் என்றால் அப்பாக்களுக்கு வரும் தொப்பையாம்.

"குண்டுக்கு இங்கிலீஷ்ல இம்மா மரியாதையா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாதுமே. தள்ளி நில்லு. உன்னை முழுசாப் பாத்து எத்தினி நாளாச்சு," என்றார்.

பின்னால் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம் என்றார். வலது கால் இட்லி மாவுக் குண்டானுக்குள் போனது. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே நின்றேன்.

நாளைக்கு உப்புமா.