லிஃப்ட் மேலேயும் போகும்

என் டீச்சரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் குழந்தையும் இங்கே நலம். நீயும் மச்சானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, நீதான் போனையே எடுப்பதில்லையே.

எப்போது கூப்பிட்டாலும் மச்சான்தான் எடுக்கிறார். நீ குளிக்கிறாய் என்கிறார். அடுத்த தடவை தலைவலி, படுத்திருக்கிறாய் என்கிறார். அதற்கடுத்த தடவை மறுபடியும் குளிக்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறேன், இவ்வளவு குளிக்கிற ஆள் இல்லையே நீ! உன் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. மனுஷன் ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டு படாதபாடு படுகிறார். அவரை விட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழை இருக்கும். சிவப்பு மையைத் தேடாமல் படி.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய். இந்தக் குழந்தையையே தத்தெடுத்துக்கொள்கிறோம் என்று ஏஜென்சி அம்மாளிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் புதன்கிழமை கோர்ட்டில் விசாரணை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஜட்ஜ் முன்னால் நிற்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் ஃபைலை மூடிவிடுவார்கள். அவள் மறுபடியும் அந்தக் குழந்தைகள் இல்லத்துக்கே போய்விடுவாள். இப்போது கோபப்படு. கோபம் தீர்ந்ததும் மேலே படி.

நீ போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான், அதை நான் மறக்கவில்லை. பிறந்து வீட்டுக்கே வராமல் போன நம் பையனுக்காக அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நீ நின்றதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான். தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்த அன்றைக்கு நீ சொன்னாய், “இன்னொரு தடவை அப்படி நிக்க என்னால முடியாதுங்க. ஓடி ஆடற குழந்தையா பாருங்க, அது போதும்” என்று. நானும் தலையாட்டினேன். நாம் விமானம் ஏறி இந்த நாட்டுக்கு வந்து அந்த இல்லத்தில் அவளைப் பார்த்தபோது அவள் ஓடி ஆடிக்கொண்டுதான் இருந்தாள், நீயும் அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடினாய். உன் லீவு முடிந்து நீ கிளம்பின மறுநாளே காய்ச்சலில் விழுவாள் என்று யார் கண்டது? நிமோனியா என்று படம் எடுக்கப் போய், இதயத்தில் கோளாறு இருப்பது தெரியவந்தது. அதை ஏஜென்சி அம்மாள் போனில் உனக்கும் சொன்னார். “நீங்களே முடிவு பண்ணுங்க, என்னைக் கேக்காதீங்க” என்று நீ போனை மச்சான் கையில் கொடுத்தாயே, அன்றைக்குக் கேட்ட குரல்தான் உன்னுடையது. அதற்குப் பிறகு எல்லாம் குளியல்தான்.

டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நிமோனியா நன்றாகக் குறைந்துவிட்டது. இதயத்தில் ஒரு வால்வு பிறவியிலேயே குறுகல். இப்போதைக்கு மாத்திரை போதும். இரண்டு மூன்று வருஷத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும். வளர்ந்த பிறகு இன்னொன்றும் தேவைப்படலாம். பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம், மூச்சு வாங்கினால் உட்கார வைக்க வேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்று கேரண்டி கொடுப்பீர்களா என்று கேட்டேன். கொடுக்க மாட்டாராம். நானே ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு வருஷம் கேரண்டி எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன், இத்தனை படித்த மனுஷன் ஒரு மாசத்துக்குக்கூடத் தரமாட்டேன் என்கிறார். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

இனி நம் சூப்பர்வைசர் கதைக்கு வருகிறேன். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது. ஏன் என்று உனக்கே புரியும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த புதிதில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நர்ஸ் ஊட்டினால் சாப்பிடுவாள், நான் ஸ்பூனை எடுத்தால் வாய் பூட்டிக்கொள்ளும். பொம்மை வாங்கிக் கொடுத்தேன், கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். பாட்டுப் பாடினேன். பக்கத்துக் கட்டில் குழந்தை அழுதது. சிரிக்காதே, அந்தக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அதனால் அழுதது. நான் பிளாஸ்டிக் ஸ்டூலில், லிஃப்ட் சர்வீசுக்கு வந்துவிட்டு மெஷின் ரூம் சாவி வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அறைக்குத் திரும்பி நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், டீச்சரம்மா இருந்திருந்தால் இந்நேரம் குழந்தை மடியில் இருந்திருக்கும், என் மூஞ்சிக்கு இதுதான் கிடைக்கும் என்று.

அவளுடைய வார்டு மூன்றாவது மாடியில். ரத்தம் எடுப்பது, ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். லிஃப்ட் கதவைப் பார்த்ததுமே உடம்பு கட்டையாகிவிடும். நாற்காலிக் கைப்பிடியிலிருந்து விரலைப் பிரிக்க முடியாது. அழவும் மாட்டாள். எனக்கு அது என்னவோ செய்தது. அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் ரோஷமும் வந்தது. லிஃப்டே சோறு என்று இருபது வருஷமாக வாழ்கிறேன், என் பொண்ணுக்கு லிஃப்ட் என்றால் பயமா?

அறுந்து விழுந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று நானாக முடிவு கட்டினேன். ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட்டேன். இதுதான் பெட்டி, இதுதான் கம்பிக்கயிறு, ஒன்று அறுந்தாலும் மற்றதெல்லாம் தாங்கும், இது எதிர் எடை, இது பிரேக். டீ கப்பில் நூலைக் கட்டி ஏற்றி இறக்கிக்கூடக் காட்டினேன். ஏஜென்சி அம்மாள், பாவம், நல்ல மனுஷி, நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் பாடம் நடத்துகிற மாதிரி அவள் பாஷையில் மாற்றிச் சொன்னார். சூப்பர்வைசர் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதை அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: “அது கீழ போகும்.”

அவ்வளவுதான். விழுமோ என்று அவளுக்குக் கவலையே இல்லை. போய்ச் சேரும் இடம்தான் பயம். கீழே போனால் ஊசி. ஆஸ்பத்திரிக்கு வந்தது காய்ச்சல் மயக்கத்தில், ஊசி முடிந்து திரும்பும்போதும் அசதியில் தூங்கிவிடுவாள், அந்த இல்லத்தில் லிஃப்டும் கிடையாது. அவளுக்குத் தெரிந்து லிஃப்ட் என்பது கீழே கொண்டுபோய்க் குத்துகிற ஒரு பெட்டி. நான் பிரேக்கைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னை மாதிரி ஒரு மடையன் உண்டா, சொல்.

அவளை லிஃப்டில் மேலே கூட்டிப்போகிறேன் என்று தலைமை நர்ஸிடம் போய்க் கெஞ்சினேன். முதலில் முடியாது என்றார். பிறகு, டிரிப்ஸ் கழற்றியிருக்கிற நேரமாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் கூட்டிப்போகச் சொன்னார். கதவு மூடியதும் கண்ணை இறுக்கிக்கொண்டாள். நான் எட்டாவது மாடிப் பொத்தானை அழுத்தினேன். மேல் தளத்தில் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். கதவு திறந்தது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் யாரும் வரவில்லை, வெறும் சோப்பு வாசனையும் சூடும்தான். துணி மடிக்கிற ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினாள். சூப்பர்வைசர் வெளியே வரவில்லை. என் பேண்டைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டி இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்னை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. “மேல” என்றேன். திரும்பி இறங்கும்போது அவளும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் எங்களுக்கு இதே வேலை. ஒவ்வொரு மாடியாக இன்ஸ்பெக்‌ஷன். ஐந்தாவதில் ஜன்னல், ஆறாவதில் மீன்தொட்டி, எட்டாவதில் சலவைக்காரத் தோழி. பொத்தானை அவள்தான் அழுத்த வேண்டும், நான் கை நீட்டினால் தட்டிவிடுவாள். கீழ்வாசல் காவலாளி, இதென்ன பொருட்காட்சி ராட்டினமா என்று என்னை ஒரு பிடி பிடித்தார். அவள் அவரையும் லிஃப்டுக்குள் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். இப்போது நான் ஊட்டினால்தான் சாப்பாடு. முட்டையில் மஞ்சள் கரு பிடிக்காது, நைசாக என் சட்டைப் பையில் போட்டுவிடுகிறாள். நான் சாப்பிட்டேனா என்று என் டப்பாவைத் திறந்து பார்க்கிறாள். மீதி வைத்தால் முறைக்கிறாள். சூப்பர்வைசர் என்று சும்மாவா பெயர் வைத்தேன்?

போன வாரம் மறுபடியும் ரத்தமும் ஸ்கேனும் எடுக்க வேண்டி வந்தது. மேலே போகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், கீழே வந்ததும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தலைமை நர்ஸ் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை நாள் கட்டினதை ஒரு பொத்தானில் உடைக்கவா? அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏஜென்சி அம்மாளை வைத்துக்கொண்டு சொன்னேன்: “இன்னைக்குக் கீழ போறோம். ஊசி இருக்கு, வலிக்கும். நான் கூடவே இருப்பேன்.”

அம்மாடி, என்ன ஒரு கத்தல்! சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளைதானா இது என்று வார்டே திரும்பிப் பார்த்தது. என்னை அடித்தாள். கையைக் கடித்தாள், பல் தடம் இன்னும் இருக்கிறது. அத்தனையும் செய்துவிட்டு என்னிடம்தான் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். நாற்காலி வேண்டாம் என்று தூக்கிக்கொண்டே போனேன். ஊசி போடும்போதும் என் கழுத்தை விடவில்லை. சட்டையெல்லாம் மூக்குச்சளி. முடிந்ததும் கட்டிலில் படுக்க வைக்கச் சொன்னார்கள், நான் வைக்கவில்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் ஏஜென்சி அம்மாள் கேண்டீனில் உட்கார வைத்துக் கேட்டார். இந்த நிலைமையில் நாங்கள் விலகிக்கொண்டால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்களாம். இதே வயதில் ஆரோக்கியமான ஒரு பையன் இருக்கிறானாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னார். சாயங்காலம் சொல்கிறேன் என்று வந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் போய், “என் பொண்ண விட்டுட்டு நான் எங்கங்க போறது?” என்றேன். பதிலே அவ்வளவுதான். கோபமாகச் சொன்னேனா அழுதுகொண்டு சொன்னேனா என்று கேட்காதே.

உனக்குப் பயம். எனக்குத் தெரியாதா? எனக்கும் பயம்தான். நம் பையனை நீ மட்டும் நினைக்கவில்லை. நீ அழுதாய், நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், அதுதான் வித்தியாசம். இவளுக்கு எதுவும் ஆகாது என்று நான் எழுதினால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் அன்றைக்கு நம்மை உள்ளே விடவில்லை, கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இங்கே அப்படி இல்லை. இங்கே உள்ளே ஸ்டூல் போட்டு உட்காரலாம். தொடலாம், ஊட்டலாம், கடி வாங்கலாம். வராண்டாவில் நிற்க வேண்டி வந்தால் நான் நிற்கிறேன். உள்ளே நீ உட்கார்.

மச்சான் டிக்கெட் எடுத்துத் தருவார், பேசிவிட்டேன். தொண்டையைச் செருமாமல் சரி என்றார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் லீவு மட்டும் நீ கேள். வந்தால் அவளுக்கு இரண்டு பருத்தி கவுன் எடுத்துக்கொண்டு வா, உயரம் உன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. எனக்கு ஒரு சட்டை. பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டில் சொல்லிவிடு. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரியெல்லாம் முழித்திருந்து பேப்பர் திருத்தாதே. ஆண்டவன் உனக்கு நல்ல தெம்பைக் கொடுக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நாளை நம் ஊருக்கு விமானம் ஏறும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மூடுவதற்கு முன்னால் ஒன்று. நேற்று தலைவாரிக்கொண்டிருந்தபோது அவள் ஏஜென்சி அம்மாளிடம் ஏதோ கேட்டாள். அந்த அம்மாள் சீப்பை அப்படியே நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார். “அன்னைக்கு என்கூடத் தரையில உக்காந்தாங்களே, அவங்க வருவாங்களா?” என்று கேட்டாளாம். வருவாங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. அவளிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. அதனால், கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னேன்.

கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்