பாடு குறைந்தது

நவம்பர் 18, செவ்வாய்.

சூசை அண்ணன் சாயங்காலம் வாசல்வரை வந்தும் வீட்டுக்குள் வரவில்லை.

இணையக் கலைக்களஞ்சியத்தில் நம் கடல் பூங்காவைப் பற்றிய கட்டுரையை ஒரு பக்கம் சாயாமல் வைத்திருப்பது நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. பவளப்பாறைகள் பிழைத்ததை எழுதினேன். தீவுப் பக்கம் வலை போடக்கூடாது என்றான பிறகு கடலுக்குப் போகிற அண்ணன் சொன்னதையும் சேர்த்தேன்: 'பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள் மீனவர்கள்.' பாடு என்றால் இங்கே வலையில் கிடைக்கிற மீன். அதை விளக்கி எழுத எனக்குத் தோன்றவே இல்லை. வெளியூர்க்காரர் யாரோ, நல்லது செய்வதாக நினைத்து, 'துன்பம் குறைந்துவிட்டது' என்று மாற்றியிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

இன்று மீனவர் கூட்டத்தில் பூங்கா அதிகாரி அந்த வரியை வாசித்துக் காட்டினாராம்.

"ஏலே, பாடு கொறஞ்சிட்டுன்னுதான ஒன்ட்ட சொன்னேன்? எங்க கஷ்டம் கொறஞ்சிட்டுன்னா எழுதி வச்சிருக்க?"

நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. போய்விட்டார்.

உடனே திருத்தினேன். பத்து நிமிடத்தில் யாரோ பழையபடி ஆக்கிவிட்டார்கள். துன்பம் குறைந்ததற்குப் பத்திரிகைச் செய்தி சான்றாக இருக்கிறதாம். அந்தச் செய்தியே எங்கள் கட்டுரையைப் பார்த்து எழுதியதுதான். பாடு குறைந்ததற்கு என்ன சான்று என்று என்னைக் கேட்கிறார்கள். சூசை அண்ணன்தான் சான்று. அவரை அடிக்குறிப்பில் போட முடியாது; அச்சில் வராத வாய்ச்சொல் சான்றாகாது என்பது விதி. அந்த விதியைச் சொல்லி நானே எத்தனையோ பேர் எழுதியதை நீக்கியிருக்கிறேன்.

தினமும் கரையில் அவரைப் பார்த்ததும் "பாடு எப்படிண்ணே?" என்றுதான் கேட்பேன். நாளைக்கு அதை எந்த வாயால் கேட்பது?