ராசாத்தி முறித்த வைக்கோல்

மாசி 8, திங்கள்

விடியப் பனி. வெயில் ஏறியபின் புழுக்கம். இனி மழை இல்லை என்கிறார் ஐயா. மாமரத்தில் முதன்முதலாகப் பூ. இந்தக் குடியேற்றத்துக்கு வந்த வருஷம் அம்மா நட்ட கன்று அது. கிணற்றடி முருங்கையில் மொட்டு. வேம்பு இலை கொட்டுகிறது, கூட்டி முடிக்கத் திரும்பவும் கொட்டுகிறது.

செய்த வேலை: மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர். கத்தரிப் பாத்தி பாதி கொத்தியது. முருங்கையடிச் சருகு கூட்டியது.

அந்தச் சருகில்தான் நடந்தது. வலது கால், கணுக்காலுக்கு மேலே சுரீர் என்றது. குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் ஓடவும் இல்லை. பல் பட்ட அடையாளமும் இல்லை.

மத்தியானம் தடித்தது. இப்போது வரிவரியாகச் சிவப்பு. சொறிந்தேன், கூடிவிட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விஷகடி வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வருவார், சனம் வரும், எல்லாரும் என் காலைப் பார்ப்பார்கள். ஆட்கள் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். இது அம்மாவுக்குப் பெரிய கவலை. பள்ளிக்கூடத்தால் நின்றபின் கூடிவிட்டதாம்.

ஆனால் பயமாக இருக்கிறது. போன வருஷம் பக்கத்துக் காணிப் பாக்கியம் அக்காவின் புருஷனுக்கும் இப்படித்தான். வயல் காவலுக்குப் படுத்தவர், காலில் ஏதோ குத்தினது போல என்றாராம். என்ன கடித்தது என்று கண்டவர் இல்லை. காணாக்கடி. அடுத்த நாள் பொழுதுபட முன் போய்விட்டார்.

மாசி 9, செவ்வாய்

நொண்டியதை அம்மா கண்டுவிட்டா. பாவாடையைத் தூக்கிப் பார்த்தா. முகம் வெளுத்துப்போனது.

"எப்ப?"

"நேற்று."

"நேற்றோ? வாயில என்னடி கொழுக்கட்டையே வைச்சிருந்தனி?"

முழங்காலுக்குக் கீழே சீலைக்கிழிசலால் கட்டு. ஐயா இல்லை. வயலில் சூடு மிதிப்பு, கதிர் மிதித்து நெல் ஏற்றும்வரை களத்தில்தான் இருப்பார். அம்மா என்னை விட்டுப் போக முடியாது. கடிபட்ட ஆள் பரியாரியார் வீட்டுக்குப் போகவும் கூடாது. வேறு ஆள்தான் தூது போக வேண்டும். போகிறவர் வந்து நிற்கிற விதத்தைப் பார்த்தே பிழைக்குமா பிழைக்காதா என்று விஷகடிப் பரியாரியார் அறிந்துவிடுவாராம்.

ராசாத்திதான் போனாள். என் தங்கை, பத்து வயது. பள்ளிக்கூடம் போக உடுத்தவளை மறித்து அம்மா படிப்பித்தது:

"தலையை இறுக்கிப் பின்னு. அழக்கூடாது. தூணில, கதவில சாயக்கூடாது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிக்கக்கூடாது. அவர் கேக்கமுன்னம் கதைக்காதை. விளங்கிச்சோ?"

"ஓம்."

"சொல்லு பாப்பம்."

பாடம் போல ஒப்புவித்தாள். வாய்க்கால் கட்டால் ஓடினாள்.

திரும்பி வந்தது வெயில் உச்சிக்கு வந்தபின். கையில் ஏதோ வேர், வாழையிலைத் துண்டில் பச்சை மருந்து. நாளைக்கு வருவாராம்.

பத்தியம்: புளி, மீன், கத்தரிக்காய் இல்லை. உப்புக் குறைவு. பகலில் படுக்கக்கூடாது. திடுக்கிடக் கூடாது. கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் போகக்கூடாது. அமாவாசை வரும்வரை.

திடுக்கிடக் கூடாதாம். கோழி கத்தினாலும் நெஞ்சு அடிக்கிறது.

ராசாத்தி இலையைத் தந்துவிட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் இருந்தாள்.

மாசி 10, புதன்

பரியாரியார் வந்தார். உயரமான ஆள், சால்வை, வெற்றிலை வாய். நான் நிலத்தைப் பார்த்தபடி. கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில்.

"பிள்ளைக்குத் தலை சுத்துதோ?"

"சுத்துதோடி?"

தலையாட்டினேன்.

"ஓமெண்டோ, இல்லையெண்டோ? பிள்ளை ஊமையே?"

வேப்பிலை சப்பத் தந்தார். விஷம் ஏறியிருந்தால் கைக்காதாம். "கைக்குதோ?" கைத்தது. தலையாட்டினேன். இந்த முறை விளங்கிக்கொண்டார். கட்டை அவிழ்த்தார், மந்திரித்த நூல் ஒன்றைக் கணுக்காலில் கட்டினார். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருந்து பாப்பம்."

அவ்வளவுதான். 'பயமில்லை' என்று சொல்லவில்லை. வேலிப் படலைவரைக்கும் அம்மா போனா, அங்கேயும் சொல்லவில்லை.

பின்னேரம் ராசாத்தியைக் கோழிக்கூட்டடியில் பிடித்தேன். கேட்கக் கேட்கக் கீழே பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்.

"அவரின்ரை வளவில வைக்கோல் போர் இருந்ததக்கா. அவர் குளிச்சுக்கொண்டு நிண்டவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். கையில ஒரு வைக்கோல் வந்திட்டுது. முறிச்சுப்போட்டன்."

"அதுக்கென்ன?"

"துண்டு துண்டாய் முறிச்சுப்போட்டனக்கா. அவர் வந்து என்ரை கையைத்தான் பாத்தவர், முகத்தைப் பாக்கேல்லை. பள்ளிக்கூடத்தில கேட்டனான். தூது போறவை துரும்பை முறிச்சா ஆள் தப்பாதாம். அம்மா அதை மட்டும் சொல்லேல்லை."

"அவர் கண்டிருக்கமாட்டார்."

"கண்டவர்."

அம்மாவுக்குச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள். செய்து கொடுத்தேன். கை குளிர்ந்துவிட்டது. அவளுடையதும்.

மாசி 11, வியாழன்

சிவப்பு குறையவில்லை. வீக்கம் குறைந்தது போல. அல்லது எனக்கு அப்படி.

மலேரியாக்காரர் சுவருக்கு மருந்து அடிக்க வந்தார்கள். சட்டி பானையெல்லாம் வெளியே. நான் மாட்டுக்கொட்டிலுக்குள். வீடு முழுக்க வெள்ளைத் தூள், பல்லி இரண்டு செத்துக் கிடந்தன. ராசாத்தி அவற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

வேப்பிலை சப்பினேன், காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கைத்தது.

மாசி 13, சனி

கைக்கவில்லை.

காலை எழுந்ததும் படலையடி வேம்பில் பிடுங்கிச் சப்பினேன். சப்பென்று இருந்தது. பிறகு மெல்லிய கைப்பு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. இன்னொன்று. அதுவும் அப்படியே. நாக்கு மரத்துவிட்டதா என்று மிளகாய் கடித்தேன். உறைத்தது. ஆனால் உறைப்பு வேறு, கைப்பு வேறு. பரியாரியார் கைப்பைத்தான் கேட்டார்.

யாரிடம் சொல்வது. அம்மா நெல் அவித்துக்கொண்டு நின்றா.

எங்கள் கிணற்றில்தான் முன்காணிப் பெண்களும் அள்ளுவார்கள். நான் சமையல் குசினிச் சுவரோடு இருந்தேன். அவர்களுக்குத் தெரியாது.

"நல்ல காலம், சின்னவள் ஒழுங்காய்ப் போய்ச் சொன்னவளாம்."

"பாக்கியம் மாதிரி இல்லை. அவள் தலைவிரிகோலமாய், அழுதுகொண்டெல்லே ஓடினவள். தூது போற கோலமே அது?"

"பாவம், அவளுக்குத் தெரியுமே."

"தெரியாட்டி? மனுசன் செத்துப் போனானே."

"நானெண்டால் ஆறுதலாய்க் கொண்டை போட்டுப் பூவும் வைச்சுக்கொண்டுதான் போவன்."

"உன்ரை மனுசனைக் கடிச்சாக் கடிச்சதுதான் சாகும்."

சிரிப்பு. வாளி விழுகிற சத்தம்.

ராசாத்தி என் பக்கத்தில் இருந்தாள். வந்ததை நான் காணவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பூனைக்கு வைத்துவிட்டாள். நேற்றும் அப்படி.

மாசி 15, திங்கள்

மாம்பூ வாசம் வீட்டுக்குள் வருகிறது. தும்மல். தும்மினால் விஷம் ஏறுமா? அதை ஒருவரும் சொல்லவில்லை.

மிளகாய்க் கன்றுகளை வாசலில் இருந்து பார்க்கிறேன். களை வந்துவிட்டது. ராசாத்தி தண்ணீர் ஊற்றுகிறாள், பாதி பாத்திக்கு வெளியே.

நான் இல்லாவிட்டால்: சிவப்புப் பாவாடை ராசாத்திக்கு, கீழே மடிப்பு வைத்துத் தைத்தால் போதும். கோழிகள் அம்மாவுக்கு. நான் எழுதுகிற இந்தக் கொப்பியை எரிக்க வேண்டும், ஆனால் யாரிடம் சொல்வது. சொன்னால் படிப்பார்கள்.

பின்னேரம் வேலியில் பாக்கியம் அக்கா. மூடிய கிண்ணம் ஒன்று கையில்.

"பிள்ளை எப்பிடி இருக்கிறா? உழுத்தங்கஞ்சி கொஞ்சம். புளி, மீன் ஒண்டும் இல்லை."

அம்மா வேலிக்கு மேலால் வாங்கினா. உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. அக்கா கொஞ்ச நேரம் நின்றார். நான் கதவுக்குப் பின்னால். கதவின் வெடிப்பால் அவரைப் பார்த்தேன். தலையை இழுத்து, ஒரு மயிர் வெளியே வராமல் கொண்டை போட்டிருந்தார். வீட்டில் சும்மா நிற்கும்போதும் அப்படித்தான் போலிருக்கிறது.

அவர் போனபின் அம்மா கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றினா.

"ஏனம்மா?"

"ஒண்டுமில்லை. பேசாமல் இரு."

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தா.

ராசாத்தி அதையும் பார்த்தாள். படுக்கும்போது காதுக்குள் கேட்டாள்: "நீ செத்தா என்னட்டையும் ஒருத்தரும் கிண்ணத்தில வாங்கிச் சாப்பிடமாட்டினம் என்னக்கா?"

சாகமாட்டேன் என்று சொன்னேன்.

மாசி 16, செவ்வாய்

வேப்பிலை கைக்கவில்லை. நாலு இலை. என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதும்விட்டேன்.

அம்மா என் கையில் மிச்சம் இருந்ததை வாங்கிப் பார்த்தா. பிறகு தலையில் ஒரு குட்டு.

"இது கொழுந்தடி. செம்பு நிறத்தில கிடக்கு, கண் தெரியேல்லையே? இப்பத்தானே மரம் துளிர்க்குது. கொழுந்து எங்கை கைக்கும்?"

பின்வளவு மரத்தில் முற்றிய இலை பிடுங்கித் தந்தா. கைப்பு. இன்னொன்று கேட்டு வாங்கிச் சப்பினேன்.

அரைப் பயம் போனது. வைக்கோல் பயம் அப்படியே.

மாசி 17, புதன்

ஐயா வந்துவிட்டார். நெல் வந்தது. வீடெல்லாம் சுணை, எல்லாருக்கும் சொறி. ஐயா என் காலைப் பார்த்தார், தலையைத் தடவினார். எனக்கு அது இன்னும் பயம்.

ராசாத்தி ஐயாவுக்குக் கிட்டப் போகவில்லை. மெலிந்துவிட்டாள். அம்மா அவளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்கிறா.

மாசி 18, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஐயா கிணற்றடிக்குப் போனார். முருங்கைக் கொப்பு ஒன்று துலாவில் முட்டுகிறதாம், வெட்டப் போனார். கொஞ்ச நேரத்தில் சத்தம்.

"இஞ்சருமப்பா, நெருப்புக் கொண்டு வாரும்."

அம்மா ஓலைச் சூள் கொளுத்திக்கொண்டு ஓடினா. நான் பத்தியத்தை மறந்து பின்னால் போனேன். முருங்கை அடிமரத்தில், சருகுப் பக்கமாக, மயிர்க்கொட்டிப் புழு. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, மரத்துக்குக் கம்பளி போர்த்தது போல. மரப்பட்டை நிறம்தான், கிட்டப் போகும்வரை தெரியாது. ஐயா சூளைப் பிடிக்கப் பொரிந்து பொரிந்து விழுந்தன. நாற்றம்.

முடிந்து வந்து ஐயா வாங்குப் பலகையில் இருந்தார், கையைச் சொறிந்தபடி. முழங்கையில் இருந்து மணிக்கட்டுவரை தடிப்பு. வரிவரியாகச் சிவப்பு.

அம்மா எண்ணெய்ப் போத்தலை எடுத்தா. ஐயாவின் கையைப் பார்த்தா. குனிந்து என் காலைப் பார்த்தா. திரும்பக் கையைப் பார்த்தா. பிறகு அப்படியே நிலத்தில் இருந்து சிரித்தா, கண்ணால் தண்ணீர் வர.

"என்னப்பா?" ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உங்களுக்கும் பரியாரியாரைக் கூப்பிடவோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலில் குத்தியதும் இதுதான். அது மயிர். பூச்சி மயிர். சருகுக்குள் உதிர்ந்து கிடந்தது.

பரியாரியாருக்குச் சொல்லவேண்டாம், அந்த மனுசன் வெயிலுக்குள் நடந்து வந்தவர், புது நெல்லில் ரெண்டு கொத்துக் கொடுத்துவிடுவோம் என்றார் ஐயா. நூலை அமாவாசைவரை விடச் சொன்னா அம்மா. எதற்கும் இருக்கட்டுமாம்.

ராசாத்தி கதவடியில் நின்றாள். "அப்ப அக்கா சாகாதோ?" என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது, விடியற்காலையில் என்ன கதை என்று. ராசாத்தி உள்ளே போய்ச் சட்டியில் இருந்த பழஞ்சோற்றை நின்றபடியே தின்றாள். முழுவதையும்.

மாசி 19, வெள்ளி

நல்ல வெயில். மாமரத்தில் தேனீ.

களை பிடுங்கினேன். கத்தரிப் பாத்தி மற்றப் பாதி கொத்தி முடிந்தது. இடையிடையே ஒன்றையே நினைத்தேன். எனக்குக் கடி இல்லை, அதனால்தான் நான் இருக்கிறேன். பாக்கியம் அக்காவின் புருஷனை உண்மையில் ஏதோ கடித்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ராசாத்தி முறித்தாளே. பரியாரியாரும் கண்டாரே. தூது போன அக்காவின் தலைமயிர் அவிழ்ந்திருந்தால் என்ன, முடிந்திருந்தால் என்ன.

பின்னேரம் அந்தக் கிண்ணத்தை எடுத்து நாலு முட்டை வைத்தேன். அம்மா கண்டா. "வேலியில வைச்சிட்டு வா" என்றா. பிறகு, நான் படலை தாண்டமுன், "கையில குடு" என்றா.

பாக்கியம் அக்கா வெங்காயப் பாத்திக்கு மண்வெட்டியால் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டு சேலையில் கையைத் துடைத்தார்.

"நடக்கிறியே பிள்ளை. இப்ப சுகமோ?"

தலையாட்டினேன். கிண்ணத்தை நீட்டினேன். திரும்பி வந்திருப்பேன். ஆனால் நின்றேன். அவருடைய கொண்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ராசாத்தி அண்டைக்குப் பரியாரியார் வீட்டில வைக்கோலை முறிச்சவள், அக்கா. துண்டு துண்டாய் முறிச்சவள். எனக்கு ஒண்டும் ஆகேல்லை."

அக்கா மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். பாத்தி நிறைந்து தண்ணீர் வரம்பைக் கடந்து போனது. அவர் மறிக்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

சொன்னேன்.