வலது துப்பாக்கியின் சுத்தி

பிட்டர் வெல், வயோமிங்
மே 12, ஞாயிறு மதியம்

அன்புள்ள ரஸ்ஸுக்கு,

இங்கே நான் நலம். நாய் அவ்வளவு நலமில்லை. புதன்கிழமை ஒரு முள்ளம்பன்றியிடம் போய் மூக்கை நீட்டியிருக்கிறது. பதினேழு முள்ளைக் குறடால் பிடுங்கினேன். இப்போது சோபாவில் உன் இடத்தில் படுத்துக் குறட்டை விடுகிறது. நீ அங்கே அலாஸ்கா எண்ணெய்க் கிணற்று முகாமில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஃபோனில் கேட்டால் ‘ம்’ என்கிறாய். குளிரா என்று கேட்டால் அதற்கும் ‘ம்’. அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்துக்கு ‘ம்’ சொல்லிவிட்டு வைக்க முடியாது.

பள்ளிக்கூடம் இன்னும் பத்து நாளில் மூடுகிறது. வெள்ளிக்கிழமை இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு சில்லியும் பட்டை ரொட்டிச் சுருளும் செய்து போட்டேன். புதிதாக வந்த தலைமை ஆசிரியர் கலிஃபோர்னியாக்காரர். மாட்டிறைச்சிக் குழம்புக்கு யாராவது இனிப்பு ரொட்டி தொட்டுக்கொள்வார்களா என்று கேட்டார். ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள் என்றேன். மூன்று சுருள் தின்றுவிட்டுப் போனார்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நேற்று துப்பாக்கி சுடும் போட்டியில் டெல்லின் வலது துப்பாக்கி என் காலுக்கு முன்னால் மண்ணில் வெடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூச்சு விட்டுவிட்டு மேலே படி.

இதைச் சொல்ல வேண்டுமானால் மார்ச் மாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன்னிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறேன். கோபித்துக்கொள்வதென்றால் கோபித்துக்கொள். ஆனால் முழுதாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

டெல்லுக்கு எவ்வளவு பெரிய கை என்று உனக்குத் தெரியும். அண்ணன் தம்பி உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அச்சு. என் கை எப்படி என்றும் உனக்குத் தெரியும். நீ போட்ட கல்யாண மோதிரத்தை இரண்டு தடவை சிறிதாக்க வேண்டியிருந்தது. அந்த ரிவால்வர்களில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் குழலுக்குப் பின்னால் நிற்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுட முடியும். டெல்லின் சுத்திகள் உயரமானவை. என் விரல் அவற்றை எட்ட வேண்டுமானால் நான் கைப்பிடியைத் தளர்த்தி, துப்பாக்கியைக் கைக்குள் கொஞ்சம் புரட்டி, விரலை மேலே ஏற்றி இழுத்து, மறுபடி பிடியைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு துப்பாக்கிக்கும் சேர்த்துப் பத்துத் தடவை. மற்றவர்கள் இரண்டு கையாலும் பிடித்து, இடது கட்டைவிரலால் இழுத்துக்கொள்கிறார்கள். நான் டெல்லைப் போல ஒற்றைக் கையால் சுடுகிறவர்கள் பிரிவில் நிற்கிறேன், ஏனென்றால் நீ அப்படித்தான் ஆசைப்பட்டாய்.

டெல்லை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அவன் துப்பாக்கிப் பெட்டியை என் மடியில் வைத்து, ‘நீ வெச்சுக்க வில்லா, அவன் நின்ன எடத்துல நீ நில்லு’ என்றாய். நான் நின்றேன். துப்பாக்கி கிளப்பில் அவனுடைய ‘சாப்பாட்டுக்கு லேட்’ என்ற பட்டப்பெயரையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள். ‘சாப்பாட்டுக்கு லேட், லைனுக்கு வாங்க’ என்று போட்டி நடத்தும் பெர்னிஸ் கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பதினோரு வருடமாக ஒரு நிமிடம் பிசகாமல் பதினொன்றரைக்குச் சோறு போடுகிறவளுக்கு இந்தப் பெயர். டெல்லுக்கு அது அப்படியே பொருந்தியது. எனக்கு அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது போலத்தான் இருக்கிறது.

இருபது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டேன். கட்டைவிரலில் கொப்புளம் வந்து உடைந்து, மறுபடி வந்தது. மார்ச்சில் கஸ் லிண்ட்ஹோமிடம் போனேன். பம்பு ரிப்பேர் செய்யும் கொட்டகையின் பின்பக்கம் அவர் துப்பாக்கி வேலையும் செய்வது உனக்குத் தெரியும். என் கையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். ‘ஏம்மா, இத்தன நாளா நீ சுட்டியா, இல்ல அதோட மல்லுக்கட்டுனியா?’ என்றார். அதே கம்பெனியின் வேறொரு மாடலுக்கு வருகிற சுத்தி இதற்குள்ளும் உட்காருமாம். அதில் விரல் வைக்கும் கொம்பு தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். பிடியை விடாமலே விரல் போய் அதன்மேல் படுக்கும். கழற்றி மாட்டி, விசையோடு சரியாகப் பொருந்துகிறதா என்று சோதித்துத் தர ஒரு மதியம் போதும் என்றார்.

நான் இடது துப்பாக்கிக்கு மட்டும் மாற்றச் சொன்னேன்.

ஏன் தெரியுமா? நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் திறக்கிறாய். நான் அடுப்படியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு திறக்கிறாய். இடதை நீ தொடுவதில்லை. வலதை மட்டும் எடுத்து, அந்தச் சுத்தியில் டெல்லின் விரல் பட்டுப் பட்டு வரிகள் தேய்ந்து வழவழவென்று ஆன இடத்தில் உன் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கிறிஸ்துமஸின்போது அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதை எப்படி நான் கழற்றச் சொல்வேன்? இடது மாறினால் உனக்குத் தெரியாது, வலது உனக்காக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதாக வேறு நினைத்துக்கொண்டேன்.

கஸ் தலையில் அடித்துக்கொண்டார். ‘ஒரு காலுக்கு பூட்ஸு, ஒரு காலுக்கு செருப்புனு போட்டுக்கிட்டு ஓடப்போறியா? மாத்துனா ரெண்டையும் மாத்து. இல்லன்னா ரெண்டையும் விட்ரு’ என்றார். நான் கேட்கவில்லை. என் பிடிவாதம் உனக்குப் புதிதா என்ன?

இடது துப்பாக்கி கைக்கு அப்படிப் பொருந்தி வந்தது, ரஸ். முதல் தடவையாகச் சுடுவது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் தோட்டா இல்லாமல் கொட்டகைச் சுவரைப் பார்த்து இழுத்து இழுத்துப் பழகினேன். ஆனால் எப்போதும் இடதைத்தான் எடுத்தேன். இடது, வலது என்பது இடுப்பு உறைக்குத்தான், இரண்டையும் வலது கையால்தான் சுடுகிறேன் என்பதை யோசிக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் என் கட்டைவிரல் ஒரே ஓர் உயரத்தை மட்டும் கற்றுக்கொண்டுவிட்டது.

நேற்று நாலாவது கட்டம். இடது பக்கத் துப்பாக்கியை முதலில் எடுக்க வேண்டும். ஐந்து இலக்குத் தகடும் அடித்தேன். அவ்வளவு வேகமாக நான் சுட்டதே இல்லை; பின்னால் கைதட்டினார்கள். அந்தத் தலைக்கனத்தோடு வலதை உருவினேன். விரல் பழகிய இடத்துக்குத் தாழ்வாகப் போனது. அங்கே கொம்பு இல்லை. அதன் ஓரம்தான் அகப்பட்டது. பாதி இழுத்ததும் வழுக்கிவிட்டது. அவசரத்தில் என் சுட்டுவிரல் அதற்குள் விசையை அழுத்தியிருந்தது. குழல் இன்னும் நிமிரவே இல்லை.

மண் என் பூட்ஸின் மேல் தெறித்தது. தோளுக்குப் பக்கத்தில் டைமரோடு நின்ற பெர்னிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ‘நில்லு. அசையாத. மூச்சு விடு’ என்று மெதுவாகச் சொன்னாள். என் காலிலிருந்து தோட்டா விழுந்த இடம் வரை டேப் வைத்து அளந்தார்கள். மூன்றடி இரண்டு அங்குலம். ஐந்தடிக்குள் விழுந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். தோட்டா நீக்கும் மேஜைக்குப் போய் இரண்டையும் காலி செய்து காட்டினேன். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. யாரோ என் கையில் ஒரு கப் காப்பியைத் திணித்தார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன். என் காலுக்காக அழவில்லை. பெர்னிஸின் கால் என் காலை விட அரையடிதான் தள்ளி இருந்தது. அவளுக்குப் போன மாதம்தான் பேரன் பிறந்திருக்கிறான்.

அடுத்த போட்டி ஜூன் எட்டாம் தேதி. பெர்னிஸ் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: ‘வா, ஆனா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லன்னா நான் உன் பக்கத்துல நிக்க மாட்டேன்.’ நியாயம்தானே? வலது துப்பாக்கி இப்போது கஸ்ஸிடம் இருக்கிறது. புதுச் சுத்தியும் அவர் மேஜையில் இருக்கிறது. நான் சொன்னால் மாற்றிவிடுவார். நான் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

நீ வேண்டாம் என்றால் இடதிலும் பழையதையே மாட்டி, இரண்டையும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். உன்னுடையதாக இருக்கட்டும். நான் வேறு ஒரு ஜோடி தேடிக்கொள்கிறேன். சுடுவதை மட்டும் நிறுத்த மாட்டேன், ரஸ். டெல்லுக்காகத்தான் ஆரம்பித்தேன், இப்போது எனக்காகப் போகிறேன். மாதத்தில் அந்த ஒரு சனிக்கிழமைதான் யாருக்கும் சமைக்காமல் இருக்கிறேன்.

இன்னும் ஒன்று. இதை இரண்டு வருடமாக நாம் பேசியதில்லை. அன்றைக்கு டெல்லோடு வடக்கு மேய்ச்சல் நிலத்தில் வேலி கட்ட நீயும் போவதாக இருந்தது. முகாமில் கூடுதல் ஷிஃப்ட் கிடைத்தது என்று நீ தங்கிவிட்டாய். அவன் தனியாகப் போனான், மேட்டில் வண்டி கவிழ்ந்தது. நீ கூட இருந்திருந்தாலும் கவிழ்ந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கூடுதல் ஷிஃப்டையும் நீ எடுத்துக்கொள்கிறாய். போட்டி நடக்கும் சனிக்கிழமை ஒன்றில்கூட நீ ஊரில் இருந்ததில்லை. உன்னால் அந்தத் துப்பாக்கிகளைப் பிடிக்க முடியாததால்தான் என்னைப் பிடிக்கச் சொன்னாய். புரிந்துதான் வாங்கிக்கொண்டேன். என் கை சின்னது, ரஸ். உன் பங்கையும் சேர்த்து எவ்வளவு நாள் பிடிப்பது?

‘சரி, மாற்று’ அல்லது ‘வேண்டாம், மாற்றாதே’. இரண்டில் ஒன்று எழுது. எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. காதை மூடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போ. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்,
வில்லா

* * *

வடக்குச் சரிவு முகாம், அலாஸ்கா
மே 23

அன்புள்ள வில்லாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பிரித்தேன். மூன்றடி என்ற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். தொப்பி போடவில்லை. பக்கத்தில் இருந்தவன், ‘என்னப்பா, வீட்ல யாருக்காவது ஏதாச்சும் ஆயிடுச்சா?’ என்று பின்னாலேயே வந்தான். ஆகவில்லை என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினேன்.

எனக்கு எழுத வராது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். சோப்புத் தண்ணீர் பட்டதும் கையை உதறினாய். உன் கட்டைவிரல் தோலுரிந்து சிவந்திருந்ததைப் பார்த்தேன். எதனால் என்றும் எனக்குத் தெரியும். பதினைந்து வயதிலிருந்து டெல்லோடு சேர்ந்து சுட்டவன் நான். சுத்தி உயரமாக இருந்தால் கை என்ன ஆகும் என்று தெரியாதா? கஸ்ஸிடம் போய் மாற்றிக்கொள் என்று நானே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொன்னால் நீ மாற்றிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. நீ என்னிடம் மறைத்ததாக எழுதியிருக்கிறாய். நீ மறைத்தது இரண்டு மாதம். நான் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தது அதைவிட அதிகம். அந்தத் தோட்டா மூன்றடியில் விழாமல் வேறெங்காவது விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இரவெல்லாம் யோசித்தேன். ஏற்கெனவே ஒருவனைத் தனியாக அனுப்பியவன் நான்.

மாற்று, வில்லா. எட்டாம் தேதிக்குக் காத்திருக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கஸ்ஸிடம் சொல். பழைய சுத்திகள் இரண்டையும் அவரிடமே விட்டுவிடு. பெரிய கைக்காரன் எவனாவது தேடிக்கொண்டு வந்தால் கொடுக்கட்டும். டெல்லும் அப்படித்தான் கொடுத்திருப்பான். அவனுக்கு எதையும் பெட்டியில் வைத்துப் பூட்டத் தெரியாது. பெர்னிஸிடமும் பட்டப்பெயரை மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிடு. உனக்கு என்ன பெயர் வேண்டுமோ வைத்துக்கொள்.

மேற்பார்வையாளரிடம் பேசினேன். ஜூன் மாதத்துக் கூடுதல் ஷிஃப்டுகளை எடுக்கவில்லை. ஐந்தாம் தேதி மாலை விமானம். எட்டாம் தேதி உன்னோடு வருகிறேன். சுடுவேன் என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வடக்கு வேலியில் அன்றைக்கு டெல் கட்டப்போன இடம் இன்னும் அறுந்தேதான் கிடக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு தடவை ஃபோன் செய்துவிட்டார். ஆள் அனுப்புகிறேன் என்று சமாளித்துவந்தேன். போட்டிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நானே போய்க் கட்டலாம் என்றிருக்கிறேன். கம்பி, குறடு எல்லாம் நான் எடுத்துக்கொள்கிறேன். உனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்காது. ஆனாலும் நீ கூட வர வேண்டும். அந்த மேட்டுக்குத் தனியாகப் போக என்னால் முடியாது.

உன்,
ரஸ்