ஈரத்தில் பார்த்த நிறம்

பங்குனி 12, வியாழன்

மண் பரிசோதனைக்காக ஆற்றோரத் தோட்டத்தில் தோண்டிய இரண்டு குழிகளின் மண் அடுக்குகளுக்குக் குறியீடு போட்டேன். மேல்குழியில் காய்ந்த நீலச் சாயக்கழிவுப் படிவு: ‘நீ-3’. கீழ்க்குழியில் ஈரமான கறுப்புக் களிமண்: ‘க-1’, அதாவது சாயம் இல்லாதது.

சாயப்பட்டறையில் முன்பு வேலை பார்த்த பாண்டியம்மாள்தான் குழி தோண்டினார். “ஈரத்துல ஷேடு பாக்கக் கூடாது மேடம், காய வச்சுப் பாருங்க” என்றார். காய்ந்ததும் கறுப்பும் அதே நீலமானது. “புதுசா வர்றவுக எல்லாருமே ஏமாறுறதுதான்” என்று தேற்றினார்.

நான் புதியவள் அல்ல. போன வருடமும் இந்தக் கீழ்ப்பகுதியை ஈரத்தில் பார்த்துத்தான் ‘சாயம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது தோட்டத்துச் சொந்தக்காரர், “நீங்க சொன்னதுக்கப்பறந்தானுங்க கீழ கீரை போட்டோம்” என்று ஒரு கட்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினேன். கட்டு இன்னும் பிரிக்காமல் சமையல்மேடையில் கிடக்கிறது.