காலை ஆறு மணிக் கையெழுத்து

என்னங்க,

சாதம் குக்கர்ல இருக்கு, குழம்பை மட்டும் சுட வெச்சுக்குங்க. பத்து மணிக்கு பிளம்பர் வருவார். மாடிக் கதவுச் சாவி பிரிட்ஜ் மேல.

நேத்து உங்க முகத்தைப் பாத்துப் பேச வாய் வரல, அதான் எழுதறேன். எங்க ஆஸ்பத்திரியில பழைய பார்வையாளர் நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறோம்னு சொன்னேன்ல? நேத்து என் கைக்கு வந்தது எங்கப்பா கடைசியா படுத்திருந்த மாசத்து நோட்டு. தினமும் காலைல ஆறு மணிக்கு உங்க கையெழுத்து. பதினேழு நாள்.

"ஒரு நாளாவது அவரை எட்டிப் பாத்தீங்களா?"ன்னு மூணு வருஷமா குத்திக் காட்டிட்டிருக்கேன். முந்தாநேத்தும் கேட்டேன். நீங்க பாட்டுக்கு தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டீங்க.

எட்டு மணிக்கு நான் போறப்பல்லாம் அப்பா முகம் மழுமழுன்னு இருக்கும். நர்ஸ்தான் ஷேவ் பண்ணி விடறாங்கன்னு நெனச்சேன். வந்த காரணம்னு இருக்கிற கட்டத்துல "முகச்சவரம்"னு நீங்க எழுதியிருக்கீங்க. என்கிட்ட சொல்லாதீங்கன்னு அப்பா கேட்டுக்கிட்டாரா?

சாயங்காலம் சீக்கிரம் வரேன். எங்கேயும் போயிடாதீங்க.

இடமில்லாம ஓரத்துல எழுதறேன்: உறவுக் கட்டத்துல மொத நாள் "மருமகன்"னு போட்டிருக்கீங்க. மத்த பதினாறு நாளும் "மகன்".